ஹைப்பரா, ஹைப்போவா?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி அருந்திக்கொண்டிருந்தபோது இரண்டு அன்பர்களிடையே ஒரு வாக்குவாதம். இருதயக் கோளாறால் வரும் நெஞ்சுவலிக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் 'ஆஞ்சினா'வா, 'ஆஞ்சைனா'வா? ஒருவர் லண்டனில் இருக்கும் மகனைச் சாட்சிக்கு அழைத்தார். மற்றவர் அகராதியை அழைத்தார். ஆங்கில அகராதிகள் இரண்டு உச்சரிப்பையும் ஏற்கின்றன. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

காரணம் உண்டு. என் மனைவிக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் மதியம் சரியாகச் சாப்பிடாமல், மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். மாலையில் எழுந்து, "என்னங்க, கையெல்லாம் நடுங்குது, வேர்த்துக் கொட்டுது" என்றாள். டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னார். மேற்கொண்டு கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. என் காதில் விழுந்தது 'ஹைப்பர்கிளைசீமியா'. சர்க்கரை ஏறிவிட்டது என்று எண்ணி, அவள் கேட்ட காபியைக்கூடச் சர்க்கரை போடாமல் கொடுத்தேன்.

நல்ல வேளையாக, பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மாள் வந்தார். விரலில் குத்திப் பார்த்தால் 52! எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு. டாக்டர் சொன்னது 'ஹைப்போ'. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அவள் தெளிந்தாள். "நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்" என்று அந்த அம்மாள் சொன்னபோது எனக்கு வேர்த்தது.

கிரேக்க மொழியில் 'ஹைப்பர்' என்றால் மேலே, 'ஹைப்போ' என்றால் கீழே. பொருளோ நேர் எதிர். ஓசையோ அண்ணன் தம்பி.

சரியான உச்சரிப்பைக் கற்றுக்கொண்டால் போதுமா? போதாது. வங்காளி டாக்டர் வாயில் 'வெர்ட்டிகோ', 'பார்ட்டிகோ' ஆகும். உத்தரப் பிரதேசத்துக்காரர் 'ஸ்டென்ட்'டை 'இஸ்டென்ட்' என்பார். நாம் 'ஸ்டென்ட்டு' என்போம். யாரை யார் திருத்துவது? தவிர, ஆங்கிலேயரே சுத்தமாகச் சொன்னாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியும் 'இலியம்', இடுப்பு எலும்பும் 'இலியம்'தான். எழுத்தில்தான் வேறுபாடு. அமெரிக்காவில் வயிற்று அமிலத்துக்கான 'லோசெக்' மாத்திரை, சிறுநீர் பிரிவதற்கான 'லாசிக்ஸ்' மாத்திரையோடு குழம்பியதால், 1990-ல் அதன் பெயரையே 'பிரைலோசெக்' என்று மாற்றினார்கள்.

ரயில்வேயில் நாங்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டோம். தெலுங்கர், பீகாரி, ஒரியாக்காரர், தமிழர் எல்லோரும் ஒரே போனில் பேசுவோம். ஒருவர் உச்சரிப்பை ஒருவர் திருத்தியதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர்கள் பிரைவேட் நம்பர் பரிமாறிக்கொண்டால், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இருவரும் எழுதிக்கொள்ள வேண்டும். வண்டிகள் பத்திரமாகப் போய்வந்தன.

அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் அதே முறைதான். 'ஹைப்பர்', 'ஹைப்போ' இரண்டையும் நாங்கள் நம்புவதில்லை. "ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? எண் என்ன?" என்று கேட்கிறோம். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' குழப்பம் வராமல் 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்கிறோம். மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொள்கிறோம். கடைசியில், "டாக்டர், நான் புரிந்துகொண்டது இது, சரிதானா?" என்று திருப்பிச் சொல்கிறோம். எந்த டாக்டரும் இதுவரை கோபித்துக்கொள்ளவில்லை.

பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் தனியே, டாக்டருக்கு வேறு மொழி. நம்மில் பல வீடுகளின் நிலைமை இதுதான். 'ஆஞ்சினா' என்றோ 'ஆஞ்சைனா' என்றோ அவரவர் விருப்பப்படி சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வீட்டிலுள்ள அனைவரும் ஒரே மாதிரி சொல்வதென்றும், கேட்டதைத் திருப்பிச் சொல்வதென்றும் இன்றே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். போன் பக்கத்தில் ஒரு பேனாவும் காகிதமும் இருக்கட்டும்.