ஒரு மலைக்கு ஓர் இட்டிலி

புதுக்கோட்டைப் பக்கத்து மாணவர்களாக இருந்தால் நீங்கள் சித்தன்னவாசல் மலைமீது ஒருமுறையேனும் ஏறியிருப்பீர்கள். மலையின் மறுபுறம் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளம் இருக்கிறது. சமணத் துறவியர் படுத்துறங்குவதற்காகப் பாறையில் வழவழப்பாகச் செதுக்கிய 17 படுக்கைகளை அங்கே காணலாம். கோயில் ஓவியங்களைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். இன்று இந்த மலையை வைத்து ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

சுற்றியுள்ள தரையிலிருந்து மலையின் உயரம் சுமார் 70 மீட்டர். உங்கள் தந்தையாரின் நிறை 70 கிலோகிராம் என்று கொள்ளுங்கள். அவர் உச்சிக்கு ஏறும்போது செய்யும் வேலை 70 × 9.8 × 70, அதாவது 48,020 ஜூல். உணவுக் கணக்கில் இது ஏறத்தாழ 11½ கிலோ கலோரி. நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் கால் பங்குதான் வேலையாக மாறுகிறது. மிச்சம் வெப்பமாகிவிடுகிறது, வியர்ப்பது அதனால்தான். ஆகவே உடல் செலவிட்டது சுமார் 46 கிலோ கலோரி. இது எவ்வளவு தெரியுமா? ஓர் இட்டிலி! (இறங்கி வந்து ஒரு குளிர்பானம் குடித்தால் இரண்டு மலைக்கு மேல் கடன் ஏறிவிடும்.)

மலையேறுவது வீண் என்று எண்ணிவிடாதீர்கள். இதயத்துக்கும் தசைக்கும் அது நல்லது. ஆனால் உடல் எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு தட்டுக்குத்தான் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. அதனால்தான் இப்போது பல வீடுகளில் மாமாவோ சித்தியோ, "சோற்றை விட்டுவிட்டேன், ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தேன்" என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் குறைந்தது எது?

நாம் உண்ணும் மாவுச்சத்து குளுக்கோஸாக மாறுகிறது. உடனே தேவைப்படாததில் ஒரு பகுதி கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற பொருளாகச் சேமிக்கப்படுகிறது. வளர்ந்த ஒருவரிடம் இது சுமார் அரை கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. சோறு நின்றதும் உடல் முதலில் இந்தச் சேமிப்பைத்தான் எடுக்கிறது. கிளைக்கோஜன் கரையக் கரைய அதனுடன் இருந்த தண்ணீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் குறைந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி இதுவே.

கொழுப்பு அவ்வளவு எளிதில் கரையாது. உடற்கொழுப்பு ஒரு கிலோ குறைய சுமார் 7,700 கிலோ கலோரி பற்றாக்குறை வேண்டும். தினம் 500 குறைத்து உண்டாலும் பதினைந்து நாள் ஆகும். போகப்போக இது இன்னும் மெதுவாகும். ஏனெனில் எடை குறைந்த உடலுக்கு அன்றாடம் தேவைப்படும் ஆற்றலும் குறைவு. முதல் மாதம் பலித்த அதே அளவு உணவு ஆறாம் மாதம் பலிக்காமற் போவதன் காரணம் இதுதான்.

இதற்குள் பொங்கல் வந்துவிடுகிறது. இரண்டு நாள் பொங்கலும் கரும்பும் உண்கிறார் மாமா. கிளைக்கோஜன் மீண்டும் நிரம்புகிறது, கூடவே தண்ணீரும். தராசு இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டுகிறது. "எல்லாம் போயிற்று" என்று மனம் நொந்து திட்டத்தையே கைவிட்டுவிடுகிறார். உண்மையில் கூடியது பெரும்பாலும் தண்ணீர்! மறுநாள் முதல் பழைய உணவுக்குத் திரும்பியிருந்தால் சில நாளில் அது இறங்கியிருக்கும். ஏழடிப்பட்டத்துத் துறவியர் வீட்டைத் துறந்து வந்தவர்கள். கடுமையான உணவு விதிகள் அவர்களுக்குக் கைகூடும். கல்யாணமும் காதுகுத்தும் நிறைந்த குடும்பத்தில் வாழ்பவருக்கு வளைந்து கொடுக்கும் திட்டந்தான் நிலைக்கும்.

மாவுச்சத்தைக் குறைக்கும் முறை புதிதன்று. லண்டனில் வில்லியம் பாண்டிங் என்பவர் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கை விட்டுத் தாம் மெலிந்த கதையை 1863-லேயே சிறு நூலாக வெளியிட்டார். அதைவிட நமக்குப் பயன்படுவது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வு. 609 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு கொழுப்பைக் குறைத்தது. மற்றது மாவுச்சத்தைக் குறைத்தது. மாவுச்சத்துப் பிரிவினர் முதலில் நாளுக்கு 20 கிராம் அளவுக்கு இறங்கினார்கள். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி, 'வாழ்நாள் முழுதும் இந்த அளவில் என்னால் இருக்க முடியும்' என்று தோன்றிய இடத்தில் ஒவ்வொருவரும் நின்றுகொண்டார்கள். ஓராண்டின் முடிவில் அவர்கள் உண்டது சராசரி சுமார் 130 கிராம். குறைந்த எடை சராசரியாக 6 கிலோ. கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு 5.3 கிலோ. இவற்றுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்பதே முடிவு. வியப்பு என்னவென்றால், இரு பிரிவிலும் இருபது கிலோவுக்கு மேல் இழந்தவர்களும் இருந்தார்கள். எடை கூடியவர்களும் இருந்தார்கள்!

நம் தட்டுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் நாடெங்கும் நடத்திய ஆய்வு 2025-இல் வெளிவந்தது. இந்தியர் பெறும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அது கூறுகிறது. புரதத்தின் பங்கு மிகக் குறைவு. அதே குழுவினர் 2022-இல் செய்த ஒரு கணக்கீட்டில், நீரிழிவைக் கட்டுப்படுத்த மாவுச்சத்தை மொத்த ஆற்றலில் சுமார் பாதி என்ற அளவுக்கு இறக்கிப் புரதத்தைக் கூட்டினாலே பயன் உண்டு என்று கண்டார்கள். சோற்றை முற்றிலும் துறக்க வேண்டியதில்லை. மூன்று கரண்டிச் சோறு ஒன்றரைக் கரண்டியாகட்டும். அந்த இடத்தில் சுண்டல், முட்டை, மீன், கீரை, மோர் வரட்டும். விருந்து நாளில் விருந்து உண்ணட்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் திருத்திக்கொள்ளுங்கள். கம்பு, கேழ்வரகு, வரகுக்கு மாறினால் மாவுச்சத்து குறைந்துவிடாது. நூறு கிராம் தானியத்தில் அரிசியில் 78 கிராம் என்றால் இவற்றிலும் 60 முதல் 70 கிராம் உண்டு. நார்ச்சத்து மிகுதி என்பதே இவற்றின் சிறப்பு. களி உருண்டையையும் அளந்துதான் உண்ண வேண்டும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்து மயக்கம் வரலாம். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றிய பிறகே உணவை மாற்ற வேண்டும். வீட்டில் யாரேனும் அப்படிச் செய்யக் கண்டால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் இந்தப் பத்தியங்களைப் பார்த்துச் செய்ய வேண்டா. வளரும் வயதில் எலும்பும் தசையும் மூளையும் ஆற்றல் கேட்கின்றன. உங்கள் எடையைப் பற்றிக் கவலை இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது. நாளை உலையில் போடும் அரிசியை அம்மாவிடம் கேட்டு நிறுத்துப் பாருங்கள். வீட்டில் உள்ளவர் எண்ணிக்கையால் வகுங்கள். நூறு கிராம் அரிசி சுமார் 350 கிலோ கலோரி. ஒருவருக்கு எத்தனை சித்தன்னவாசல் என்று கணக்கிட்டு மாமாவிடம் காட்டுங்கள்.