நடுங்கும் கைகளுக்கு அவகாசம் தாருங்கள்

முதுமை வந்தால் கை நடுங்கும், நடை தளரும் என்று சொல்லி, பல இல்லங்களில் ஒரு நோயை நோயென்றே அறியாமல் விட்டுவிடுகிறார்கள். தொழுகையின் இருப்பில் தொடைமீது வைத்த கை தானாக ஆடுகிறது. ஓதும் குரல் அருகில் இருப்பவருக்கே எட்டாமல் தேய்கிறது. கையெழுத்துச் சிறுத்துப்போகிறது. சட்டைப் பொத்தானை மாட்டவே வெகுநேரம் ஆகிறது. முகத்தில் சிரிப்பு தோன்றாமையால், பெரியவர் யார் மீதோ கோபமாக இருக்கிறார் என்று வீட்டார் எண்ணிக்கொள்கிறார்கள். அன்புமிக்க வாசகர்களே! இவை சேர்ந்து காணப்படுமானால் அது பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். தாமதியாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவது நம் கடமை.

1817-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விளக்கி எழுதினார். அவர் பெயரே பின்னர் நோய்க்கு நிலைத்தது. நம் நாட்டு வைத்தியத்தில் இதனை நடுக்குவாதம் என்பர். மூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் சிறுகச் சிறுக அழிவதால், மனம் நினைத்தபடி உடல் உடனே அசைவதில்லை. இது தொற்றுநோய் அன்று. செய்த பாவத்தின் தண்டனை என்று பிறரைச் சுட்டிப் பேசுவதும் தகாது. பொறுமைக்கு இலக்கணமாகப் போற்றப்படும் அய்யூப் நபி (அலை) அவர்களும் நெடுங்காலம் நோயுற்றிருந்தவர்கள்தாமே!

குறைந்துபோன டோபமினை ஈடுசெய்ய லெவோடோபா என்னும் மருந்து தரப்படுகிறது. நம் வேலியோரங்களில் படரும் பூனைக்காலியின் விதையில் இப்பொருள் இருப்பதை, 1937-இல் சென்னையில் ஆய்வு செய்த தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் கண்டு வெளியிட்டார்கள். அது நடுக்குவாதத்துக்குரிய மருந்தாக நிலைபெற்றதோ 1960-களின் இறுதியில்தான். இதைப் படித்துவிட்டு, மாத்திரையோடு பூனைக்காலிப் பொடியையும் தாமாகச் சேர்த்து உண்ணலாகாது. மருந்தின் அளவு மிஞ்சிவிடும். மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. நோயை அடியோடு நீக்கும் மருந்து இதுவரை இல்லை. உண்ட மாத்திரை சில மணி நேரம் உடலை இலகுவாக்கும். பின்னர் அதன் வேகம் தணியும். ஆகவே குறித்த நேரம் தவறக்கூடாது. கறி, மீன், முட்டை, பருப்பு ஆகியவை மருந்தின் பயனைத் தடுக்கக்கூடும் என்பதால், உணவுக்கு அரை மணி முன்னதாக உண்ணுமாறு மருத்துவர்கள் பெரும்பாலும் கூறுவர்.

வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரையுள்ள ஊர்களை எண்ணிப்பாருங்கள். ஏரிப்பாசனத்தில் வாழ்ந்த பூமியில் இன்று மோட்டார் ஆலைகள் நிற்கின்றன. பிள்ளைகள் இரவு ஷிப்டு, பகல் ஷிப்டு என்று மாறிமாறிப் போகிறார்கள். ஆலையில் ஒரு வேலைக்கு இத்தனை வினாடி என்று கணக்கு. அந்தக் கணக்கோடு வீடு திரும்பும் மகனுக்கு, ஒரு குவளைத் தேநீரை அத்தா அருந்தி முடிக்கும் நேரம் நீண்டதாகத் தோன்றுகிறது. "கொடுங்கள், நான் செய்கிறேன்" என்று பொத்தானையும் செருப்பையும் கரண்டியையும் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறான். அன்பினால் செய்வதுதான். ஆயினும் செய்யாமல் விட்ட வேலையை உடல் மறந்துபோகும்; நடவாத கால் மேலும் இறுகும். விழும் அபாயம் இருந்தால் தாங்குங்கள். மற்றபடி அவர் வேலையை அவரே செய்ய விட்டு, அருகில் காத்திருங்கள். ஷிப்டு எதுவாயினும், மாத்திரை வேளையில் நினைவூட்ட வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

வணக்கத்திலும் மார்க்கம் இத்தகையோருக்கு வழியைக் குறுக்கவில்லை. நோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். லுஹருடைய வக்து நீண்டது. மாத்திரை வேலை செய்யும் வேளையை அதற்குள் தேர்ந்து நிதானமாகத் தொழலாம். ஹவுளின் வழுக்கும் விளிம்பைவிட, குழாயடியில் ஒரு முக்காலியில் அமர்ந்து ஒளுச் செய்வது பாதுகாப்பு. ரமலானில் பகல் மாத்திரையை விடுவது உடலைக் கெடுக்கும் என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு இறைவன் அளித்த சலுகையை ஏற்பதில் குற்றமில்லை. குணமாகும் எதிர்பார்ப்பு இல்லாதவர், விடும் நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவின் சட்டத்தைத் தம் ஊர் ஆலிமிடம் கேட்டறியட்டும்.

பலரை வீட்டுக்குள் முடக்குவது நோயைவிடக் கூச்சமே. பிறர் உற்று நோக்கினால் நடுக்கம் இன்னும் மிகும். 1980-இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடிய குத்துச்சண்டை வீரர் முகம்மது அலீயை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1984-இல், தம் 42-ஆம் வயதில், தமக்கு இந்நோய் இருப்பதை அவர் அறிந்தார். அதன் பின்னர், 1990-இல் பாக்தாத் சென்று, பிணையாக வைக்கப்பட்டிருந்த அமெரிக்கர் 15 பேரை மீட்டு வந்தார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில், உலகமே பார்த்திருக்க, நடுங்கும் கையோடு சுடரேற்றினார். 2016-இல் மறையும் வரை 32 ஆண்டுகள் அந்நோயுடன் வாழ்ந்தார்.

இந்நோயாளிகள் சிலருக்கு நடக்கையில் கால் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிடும். அப்போது பின்னாலிருந்து தள்ளாதீர்கள். முன்னே ஒரு கோட்டைக் காட்டி, அதைத் தாண்டச் சொன்னால் கால் எழுவதுண்டு. பள்ளிவாசலில் ஸஃப்புக்காகக் குறுக்கே வரைந்த கோடுகளும் இவ்வகையில் உதவக்கூடும்!

நோயாளிமீது ஜும்ஆ கடமையில்லை என்பது உண்மையே. ஆனால் வர விரும்பும் முதியவரை அச்சட்டத்தைச் சொல்லி வீட்டிலே நிறுத்திவிடாதீர்கள். இன்று அரை மணி முன்னதாகப் புறப்படுங்கள். அவர் நடையின் வேகத்திலேயே உடன் நடந்து, சுவரோரம் ஒரு நாற்காலியிட்டு அமர்த்துங்கள். ஸலாம் சொல்லி அவர் கை நீட்டினால், அது நடுங்கினாலும் தயங்காமல் பற்றிக்கொள்ளுங்கள்.