கையில் இருந்தாலே குற்றம்

ஒருவர் எவரையும் சுடவில்லை, எவரையும் அச்சுறுத்தவுமில்லை. அவருடைய வீட்டு அலமாரியில் ஒரு துப்பாக்கி இருந்தது, அவ்வளவே. அதற்காக அவரைப் பல்லாண்டுகள் சிறையில் அடைக்கலாமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடைக்கலாம். முன்பு அவர் பெருங்குற்றம் ஒன்றில் தீர்ப்புப் பெற்றவராயிருந்தால் போதும்.

இச்சட்டம் துயரத்தில் பிறந்தது. 1963-இல் ஜனாதிபதி கென்னடியின் உயிரைப் பறித்த துப்பாக்கி அஞ்சல் வழியே வாங்கப்பட்டதாகும். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும், ஜூனில் ஜனாதிபதியின் தம்பி ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாடே கலங்கியது. அவ்வாண்டில் இயற்றப்பட்ட சட்டங்களிலிருந்தே இன்றைய விதி வளர்ந்தது. ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் தீர்ப்புப் பெற்றவர் துப்பாக்கி வைத்திருத்தல் ஆகாது. ஒரு தோட்டாகூட ஆகாது.

பெரும்பாலான குற்றங்களை அங்கு மாநிலங்களே விசாரிக்கின்றன. மத்திய அரசு வழக்குத் தொடுப்பதாயின், அத்துப்பாக்கி மாநில எல்லையையோ நாட்டெல்லையையோ கடந்து வந்தது என்று காட்டவேண்டும். அதை அவர் அறிந்தே வைத்திருந்தார் என்றும் மெய்ப்பிக்கவேண்டும். தாம் அத்தகைய தீர்ப்புப் பெற்றவர் என்பதை அவர் அறிந்திருந்ததையும் நிறுவவேண்டுமென 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையில் ஏந்தியிருக்கவேண்டும் என்பதில்லை. தம் கட்டுப்பாட்டில் கொள்ளும் ஆற்றலும் எண்ணமும் இருந்தாலே வைத்திருந்ததாகக் கருதப்படும்.

1997-இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில், கொலைகள் மலிந்த நிலையில், இத்தகைய வழக்குகளை மத்திய நீதிமன்றத்திற்கே கொண்டுசெல்லும் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கே தண்டனை கடுமையானது. நன்னடத்தையின் பேரில் பாதியில் விடுவிக்கும் பரோல் முறையும் இல்லை. உச்ச தண்டனையாயிருந்த பத்தாண்டுகள் 2022-இல் பதினைந்தாக உயர்த்தப்பட்டன. வன்முறைக் குற்றத்திலோ கடும் போதைப்பொருள் குற்றத்திலோ மும்முறை தீர்ப்புப் பெற்றவருக்குப் பதினைந்தாண்டுகள் குறைந்த அளவு தண்டனையாகும்.

துப்பாக்கிக்கு மகனைப் பலிகொடுத்த தாயின் கண்ணீரைக் கண்டவர் எவரும் இக்கடுமையைக் குறைகூறத் தயங்குவர். ஆயினும் கொலை செய்தவரையும் பொய் சொன்னவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நீதியாகுமா? பென்சில்வேனியாவில் ஒருவர் 1995-இல் அரசின் உணவு உதவி பெறத் தவறான தகவல் தந்தார். அவர் சிறைக்குச் செல்லவில்லை. எனினும் அக்குற்றத்திற்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்க இடமிருந்ததால், துப்பாக்கி வைக்கும் உரிமையை இழந்தார். அவர் தொடுத்த வழக்கில், இத்தடை அவரளவில் செல்லாதென 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

அமெரிக்க ஆயர்கள் 2000-இல் வெளியிட்ட அறிக்கை, குற்றத்திற்குப் பொறுப்பேற்பதையும் திருந்தி மறுவாழ்வு பெறுவதையும் சேர்த்தே வலியுறுத்துகின்றது. நாமும் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தல் தகாது. சிறையிலிருந்து மீளும் மகனை வரவேற்கக் காத்திருக்கும் அந்நாட்டுத் தந்தை, விருந்து சமைக்குமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டு: வீட்டிலுள்ள துப்பாக்கியை அவன் கைக்கெட்டாத வேறிடத்திற்கு அகற்றிவிடுதல். வாழ்வைப் புதிதாகத் தொடங்குபவனுக்கு அதனினும் பெரிய அன்பளிப்பை நாம் அறியோம்.