பழைய பிலிமுக்கு உயிர் கொடுக்கும் வீட்டுத் தொழில்

பரண் மேல் பழைய டிரங்குப் பெட்டி இருக்கிறதா? ஒரு நாள் கீழே இறக்கித் திறந்து பாருங்கள்.

கல்யாணப் பத்திரிகை இருக்கும். கடிதக் கட்டு இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், ஏதோ ஒரு ஸ்டூடியோவின் பெயர் அச்சடித்த காகித உறை ஒன்று கிடக்கும். உறைக்குள் கறுப்புப் பட்டைகள்.

ஒரு பட்டையை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உருவங்கள் தெரியும். ஆனால் எல்லாம் மாறாட்டம்! தலைமயிர் வெள்ளை. முகம் கறுப்பு. சிரித்தால் பல்லும் கறுப்பு. சின்னக் குழந்தைகள் பார்த்தால் "பேய்!" என்று ஓடும்.

"இது இன்னும் எதற்கு?" என்று பலர் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பெரிய தவறு!

அந்தப் பட்டைதான் நெகட்டிவ். காமிராவுக்குள் இருந்து வெளிச்சத்தை வாங்கியது அதுதான். ஆகவே அதுதான் அசல். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் தாத்தா படம் அதன் நகல்.

நகல் செல்லரித்துப் போனால் அசலிலிருந்து இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். அசல் போனால் போனதுதான்.

இருட்டறை எங்கே?

"சரி, நெகட்டிவ் இருக்கிறது. படம் போட்டுத் தர யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் போட்டோ ஸ்டூடியோ இருந்தது. ஸ்டூடியோவுக்குள் ஓர் இருட்டறை இருந்தது. சிவப்பு விளக்கும், தட்டில் மருந்துத் தண்ணீரும் இருந்தன. டிஜிட்டல் காமிரா வந்தது. பெரும்பாலான இருட்டறைகள் மூடிக்கொண்டன.

பிலிம் செய்தவர்களுக்கும் அதே கதிதான். ஊட்டியில் 1960-ல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்து விற்றது. (இந்து என்றால் சந்திரன்.) அந்தத் தொழிற்சாலை இப்போது ஓடவில்லை. அமெரிக்காவின் கோடக் கம்பெனி 1935-ல் கொண்டுவந்த 'கோடக்ரோம்' என்ற பிரபலமான கலர் பிலிம் 2009-ல் நிறுத்தப்பட்டது.

காமிரா போயிற்று, கடை போயிற்று. பிலிம் மட்டும் பெட்டியில் தங்கிவிட்டது. இங்கேதான் ஒரு புதிய வீட்டுத் தொழில் முளைத்திருக்கிறது. நெகட்டிவையும் ஸ்லைடையும் 'ஸ்கேன்' செய்து, கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் பார்க்கும்படி படமாக்கிக் கொடுப்பதுதான் அந்தத் தொழில்.

தெருவில் கடை பிடிக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒரு மேஜை, ஒரு ஸ்கேனர், ஒரு கம்ப்யூட்டர். இவை போதும். இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அது கடையில் கிடைக்காது. பொறுமை!

மின்விசிறி கூடாது

இந்த வேலையின் முதல் எதிரி தூசி.

சாதாரண பிலிமில் ஒரு படத்தின் அளவு 36 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம். தீப்பெட்டியை விடச் சிறியது! அதை எட்டு மடங்கு பெரிதாக்கினால், மேலே இருக்கும் தூசியும் எட்டு மடங்கு பெரிதாகும். மணப்பெண் நெற்றியில் பொட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டு வந்துவிடும்!

ஆகவே வேலை செய்யும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். சித்திரை மாத வெயிலில் இது லேசான காரியம் அல்ல. தரையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, தூசி அடங்கிய பிறகே உறையைப் பிரிக்கிறார்கள். கையில் பருத்தி உறை. பிலிமின் ஓரத்தை மட்டுமே தொடலாம். தூசியை வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். அதற்கென்று ரப்பர் குமிழ் உண்டு. அதை அமுக்கினால் காற்று வரும்.

எப்படி நடக்கிறது?

காகிதத்தை ஸ்கேன் செய்யும் யந்திரம் எல்லோருக்கும் தெரியும். அதில் விளக்கு கீழே இருக்கிறது. பிலிமுக்கு அது உதவாது. பிலிமில் வெளிச்சம் ஊடுருவிச் செல்ல வேண்டும். எனவே பிலிம் ஸ்கேன் செய்யும் யந்திரத்தில் மூடியிலும் ஒரு விளக்கு இருக்கும். பிலிமுக்கென்றே தனியாகச் செய்த ஸ்கேனரும் உண்டு. அடியில் விளக்குப் பலகை வைத்து, மேலே டிஜிட்டல் காமிராவைப் பொருத்திப் படம் எடுப்பவர்களும் உண்டு. எது நல்லது என்று சண்டை போடுவார்கள்! யந்திரத்தைவிடக் கைதான் முக்கியம்.

ஸ்கேனர் செய்வது இதுதான்: படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியும் என்ன நிறம், எவ்வளவு வெளிச்சம் என்று எழுதி வைத்துக்கொள்கிறது.

ஓர் அங்குலத்துக்கு 2,400 புள்ளி என்று வைத்தால், அந்தச் சின்னப் படத்தில் ஏறக்குறைய 77 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். அதைக் கொண்டு 11 அங்குல நீளத்தில் தெளிவான படம் அச்சிடலாம். 4,000 புள்ளி வைத்தால் 2 கோடிக்கு மேல் கிடைக்கும். அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போவதில் பெரும்பாலும் பயன் இல்லை. பிலிமில் இல்லாததை ஸ்கேனர் எங்கிருந்து கொண்டுவரும்?

பிறகு கம்ப்யூட்டரில் கறுப்பை வெள்ளையாகவும், வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்ற வேண்டும். கலர் நெகட்டிவ் ஆரஞ்சு நிறமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பழுது அல்ல. நிறங்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் இருப்பதற்காகக் கம்பெனியே சேர்த்த நிறம். அந்த ஆரஞ்சையும் கழித்தால்தான் அம்மாவின் மாம்பழ நிறப் பட்டுச் சேலை மாம்பழ நிறமாக வரும்.

ஸ்லைடு விஷயத்தில் இந்தச் சிரமம் இல்லை. அட்டைச் சட்டத்துக்குள் இருக்கும் அந்தச் சின்னப் படம் நேராகவே நிறத்தைக் காட்டும். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வீட்டிலும், காலேஜ் புரொபசர் வீட்டிலும் பெட்டி பெட்டியாக அகப்படும்.

தூசியைக் கண்டுபிடிக்கும் கதிர்

சில ஸ்கேனர்களில் ஓர் அதிசயம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அவை பிலிமுக்குள் செலுத்துகின்றன. கலர் படத்தின் சாயத்தை அந்தக் கதிர் தாண்டிப் போய்விடும். தூசியும் கீறலும் மட்டும் அதைத் தடுக்கும். தடுத்த இடம் எதுவோ, அதுதான் தூசி! யந்திரமே அதை அழித்துவிடுகிறது.

ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் இந்த வித்தை பலிக்காது. அந்தப் படம் வெள்ளித் துகளால் ஆனது. ஆம், நிஜமான வெள்ளி! வெள்ளி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். யந்திரம் தாத்தாவின் மீசையையே தூசி என்று நினைத்துவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தில் தூசியைக் கையால்தான் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். பழைய படத்துக்கு அதிக நேரம் பிடிப்பது இதனால்தான்.

எந்தத் தோளில் முந்தானை?

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் செய்யும் வேடிக்கையான தவறு ஒன்று இருக்கிறது. பிலிமைப் புரட்டி வைத்துவிடுவார்கள். இடது வலதாகும், வலது இடதாகும்.

முகத்தைப் பார்த்தால் தெரியாது. சேலையைப் பார்த்தால் தெரிந்துவிடும்! முந்தானை இடது தோளில் இருக்க வேண்டும். வலது தோளுக்கு வந்திருந்தால் படம் புரண்டிருக்கிறது. (மடிசார் கட்டில் மட்டும் ஜாக்கிரதை. அதில் வலது தோளில் போடுவோரும் உண்டு.) ஆண்கள் படம் என்றால் சட்டைப் பையைப் பார்க்கலாம். அது இடது பக்கம் இருக்க வேண்டும்.

பிலிமிலேயே அடையாளம் இருக்கிறது. பளபளப்பான பக்கம் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், ஓரத்தில் உள்ள எண்ணும் எழுத்தும் நேராகத் தெரியும். மங்கலான பக்கம்தான் படம் இருக்கும் பக்கம். அதில் விரல் படவே கூடாது.

புளிப்பு வாசனை

ஸ்கேன் செய்பவர் உறையைப் பிரித்ததும் முதலில் முகர்ந்து பார்க்கிறார். ஏன் தெரியுமா?

பிலிம் கெட்டுப்போனால் காடி வாசனை வரும்! பழைய பிலிம்களில் பெரும்பாலானவை அசிடேட் என்ற பொருளால் செய்தவை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து, அசிடிக் அமிலத்தை வெளிவிடும். ஊறுகாய்க்கு ஊற்றும் காடியில் இருப்பதும் அதே அமிலம்தான். பிறகு பிலிம் சுருங்கும், நெளியும், படம் உள்ள தோல் உரியும். ஒன்றில் தொடங்கினால் பக்கத்தில் இருப்பதற்கும் பரவும்.

டிரையசிடேட் என்ற வகை பிலிம் 1948-ல் வந்தது. பத்து ஆண்டுக்குள்ளேயே அது கெடுகிறது என்று கோடக் கம்பெனிக்குப் புகார் போயிற்று. முதல் புகார் எங்கிருந்து? நமது இந்திய அரசிடமிருந்து! நம் நாட்டு வெக்கை அப்படி. ஓட்டு வீட்டுப் பரணும், மொட்டை மாடி அறையும் பிலிமுக்கு எமன்.

இன்னொரு எமன் பூசணம். பிலிமில் படத்தைத் தாங்குவது ஜெலட்டின் என்ற பசை. பூசணம் அதைத் தின்னும். வெள்ளை நூல் போலப் படர்ந்திருப்பதைக் கண்டதும் சிலர் ஈரத் துணியால் துடைக்கிறார்கள். அந்தோ! பூசணம் தின்ற பசை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். பூசணத்தோடு பாட்டியும் போய்விடுவாள்.

1950-க்கு முந்திய பிலிம் ஏதேனும் கிடைத்தால் சூடான விளக்கின் அருகே கொண்டுபோக வேண்டாம். அக்காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும்.

ஆயாவின் பெட்டி

கறுப்புப் பட்டைக்கு அவ்வளவு மதிப்பா என்று சந்தேகப்படுவோருக்கு, சிகாகோ நகரில் நடந்த ஒரு சம்பவம்.

விவியன் மேயர் என்ற பெண்மணி பணக்காரர் வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வேலை பார்த்தார். ஓய்வு கிடைத்தால் காமிராவை மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பார். போவோர் வருவோரைப் படம் எடுப்பார். யாருக்கும் காட்ட மாட்டார்.

முதுமையில் வறுமை. வாடகை கொடுக்க முடியாததால், கிடங்கில் வைத்திருந்த அவர் சாமான்கள் 2007-ல் ஏலத்துக்கு வந்தன. ஜான் மலூப் என்ற இளைஞர் ஒரு பெட்டி நெகட்டிவை வாங்கினார். தமது வட்டாரத்தைப் பற்றிய புத்தகத்துக்குப் படம் கிடைக்கும் என்பது அவர் எண்ணம். கிடைக்கவில்லை. பெட்டி ஒரு மூலைக்குப் போயிற்று.

பிறகு ஸ்கேன் செய்யத் தொடங்கினார். படங்களைப் பார்த்துப் பிரமித்தார். எடுத்தவர் பெயர் தெரிந்து தேடியபோது கிடைத்தது மரணச் செய்தி! 2009 ஏப்ரலில் மேயர் காலமாகிவிட்டார். இன்று உலகம் போற்றும் தெருப் படக் கலைஞர்களில் அவர் ஒருவர். அவர் எடுத்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் கழுவாமலே கிடந்த ரோல்களும் உண்டு. அந்தப் படங்களை எடுத்தவரே பார்த்ததில்லை.

எல்லார் வீட்டுப் பெட்டியிலும் மேயர் இருக்க மாட்டார். ஆனால் அச்சுப் போடாத படம் இருக்கும். காசு மிச்சம் பிடிக்க, ரோலில் நல்லதாக நாலைந்தை மட்டும் அச்சுப் போட்டுக்கொண்ட காலம் அது. விட்டுப்போன படத்தில் அப்பா சிரித்துக்கொண்டு நிற்கலாம்!

கூலியும் நம்பிக்கையும்

இந்தத் தொழில் செய்ய நினைப்பவர்கள் முதலில் கணக்குப் போட வேண்டும்.

ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் என்று வையுங்கள். 36 படம் உள்ள ஒரு ரோலுக்கு 108 நிமிடம். ஆயிரம் ஸ்லைடு வந்தால் 50 மணி நேரம்! தூசி நீக்குவதும் நிறம் திருத்துவதும் தனி. இதை எண்ணாமல் மலிவாக விலை சொல்லிவிட்டால், பாதி வேலையில் அலுப்பு வரும். அலுப்பு வந்தால் கை தவறும். அதைவிட, இரண்டு மூன்று படங்களை முதலில் செய்து காட்டிவிட்டு, ஒரு படத்துக்கு இவ்வளவு என்று நியாயமாகப் பேசிக்கொள்வதே மேல்.

கொடுப்பவர் எதிரிலேயே பட்டைகளை எண்ணி, ஏற்கனவே உள்ள கீறலையும் குறித்து, ரசீது கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுப் பிலிம் மேஜையில் இருக்கும்போது இன்னொரு வீட்டுப் பிலிமைப் பிரிக்கக் கூடாது. மாறிப்போனால் யார் பாட்டி யார் வீட்டுக்குப் போவாள்? பிறர் வீட்டுப் படத்தை விளம்பரத்துக்குக் காட்டுவதும் கூடாது. அது அவர்கள் வீட்டுச் சங்கதி.

கொடுப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்கேன் ஆகிவிட்டதே என்று நெகட்டிவை எறிந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் கெடலாம், கைப்பேசி தொலையலாம். படங்களை இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டு, நெகட்டிவைக் காகித உறையில் போட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள்.

இவர் யார்?

படம் தெளிவாக வந்துவிட்டது. தாத்தா தெரிகிறார். பக்கத்தில் நிற்கும் தொப்பிக்காரர் யார்? அதை எந்த ஸ்கேனரும் சொல்லாது. வீட்டில் மூத்தவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

எனவே படம் கைக்கு வந்த அன்றே பெரியவர்களை உட்கார வைத்துக் காட்டுங்கள். பெயர், உறவு, ஊர், வருஷம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். "சின்ன அத்தை கல்யாணம், இடமிருந்து வலமாக..." என்று எழுதத் தொடங்கும் முன், முந்தானை எந்தத் தோளில் இருக்கிறது என்று இன்னொரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.