படிவத்தில் குறை, குப்பைக்குப் போன அல்போன்சா

மும்பை: அமெரிக்காவுக்கு விமானத்தில் சென்ற 15 மாம்பழச் சரக்குகள் 2025 மே மாதம் லாஸ் ஏஞ்சலீஸ், சான்பிரான்சிஸ்கோ, அட்லாண்டா விமான நிலையங்களில் நிராகரிக்கப்பட்டன. பூச்சியோ அழுகலோ காரணமாகக் கூறப்படவில்லை. நவி மும்பையில் கதிர்வீச்சு செய்யப்பட்டதற்கான படிவத்தில் குறை என்பதே காரணம். திருப்பி அனுப்பினால் வந்து சேர்வதற்குள் பழம் வீணாகிவிடும், கட்டணமும் அதிகம். எனவே சரக்கை அங்கேயே அழிக்க ஏற்றுமதியாளர்கள் இசைந்தனர். இழப்பு சுமார் 5 லட்சம் டாலர் என அவர்கள் மதிப்பிட்டனர்.

தோட்டத்திலிருந்து விமானம் வரை

1989 முதல் இந்திய மாம்பழத்துக்கு மூடப்பட்டிருந்த அமெரிக்கச் சந்தை, 2007 ஏப்ரலில் திறந்தது. பழத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தொழில்நுட்பம் அதற்குக் கைகொடுத்தது. வெங்காயம் முளைவிடாமல் காக்க நாசிக் மாவட்டம் லாசல்காவில் 2002-ல் தொடங்கப்பட்ட நிலையத்திலிருந்தே முதல் பழங்கள் சென்றன. பின்னர் வாஷியில் மாநில வேளாண் சந்தை வாரியம் தனி நிலையம் அமைத்தது.

ரத்னகிரி, தேவ்கட் பகுதிகளில் பதிவு பெற்ற தோட்டங்களின் பழங்கள் தரம் பிரித்து, கழுவி, பெட்டியில் அடைக்கப்படுகின்றன. கோபால்ட்-60 மூலம் குறைந்தது 400 கிரே கதிர்வீச்சு அளிக்கப்படுகிறது. பழ ஈயும் மாங்கொட்டை வண்டும் இனப்பெருக்கம் செய்ய இயலாமல் போகும். பழத்தில் கதிரியக்கம் தங்குவதில்லை.

இப்பணி அமெரிக்க ஆய்வாளரின் முன்னிலையில் நடைபெற வேண்டும். கொரோனா காரணமாக அவர்கள் வர இயலாததால் 2020, 2021 ஆண்டுகளில் அமெரிக்க ஏற்றுமதியே நடைபெறவில்லை. 2022-ல்தான் மீண்டும் தொடங்கியது. இம்முறை ஆய்வாளர் இருந்தார்; பழமும் நிலையத்தைக் கடந்தது. ஆயினும் ஒரு தாள் தடுத்துவிட்டது.

சுமை யாருக்கு?

பழ ஈ காரணமாக 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை, 2015 ஜனவரியில் நீங்கியது. இத்தகைய தடைகளின்போது ஏற்றுமதிக்கான பழம் வாஷி மொத்தச் சந்தைக்கே திரும்புகிறது. மாதுங்கா கடைகளில் வாங்குவோருக்கு அது மலிவாகக் கிடைக்கலாம்; கமிஷன் மண்டியின் விலையை நம்பியிருக்கும் தோட்டக்காரருக்கு அது நஷ்டம்.

கொங்கண் மாந்தோப்புகளுக்கு வானிலை சார்ந்த பயிர்க் காப்பீடு உண்டு. பருவம் தவறிய மழைக்கும் கடும் வெப்பத்துக்கும் அதில் இழப்பீடு பெற வழியுண்டு. படிவத்தில் நேரும் பிழைக்கு இல்லை.