உஷார்! பேட்ச் போட்டதோடு வேலை முடியவில்லை

சென்னை எல்காட் ஐ.டி. வளாகத்துப் பெரிய கம்பெனிகளுக்காக இதை எழுதவில்லை. அவர்களிடம் நைட் ஷிஃப்ட் ஆளும் மாற்று சர்வரும் உண்டு. பெரும்பாக்கம், மேடவாக்கம் பக்கம் ஒரே ஒரு லினக்ஸ் சர்வரை மூலையில் வைத்துக்கொண்டு பில்லிங், லேப் ரிப்போர்ட், ஃபீஸ் கணக்கு எல்லாவற்றையும் ஓட்டும் கிளினிக்குகளும் பள்ளிகளும் கடைகளும்தான் உடனே கவனிக்க வேண்டும். அதுவும் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால்.

லினக்ஸின் மையமான கெர்னலுக்குப் போடும் திருத்தம், அதாவது பேட்ச், வெற்றிகரமாக ஏறியது என்று திரையில் வந்தாலும், புது கெர்னல் டிஸ்கில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது. மெமரியில் ஓடிக்கொண்டிருப்பது பழசுதான். ரீபூட் செய்யும்வரை பாதுகாப்பு ஓட்டை அடைபடாது. 'யூநேம் மைனஸ் ஆர்' என்று அடித்துப் பாருங்கள், ஓடும் கெர்னலின் எண் தெரியும். பல இடங்களில் மாதக்கணக்கில் பழைய எண்ணே வரும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கத்தில் தண்ணீர் சூழ்ந்ததும் கரண்ட் இல்லாமல் தவித்ததும் யாருக்கும் மறந்திருக்காது. அப்படி ஒரு நாளில் யூபிஎஸ் பேட்டரி தீர்ந்து சர்வர் அணைந்தால், திரும்ப எழும்போதுதான் அது முதன்முறையாகப் புது கெர்னலில் எழும். டிஸ்குகளை இணைக்கும் ரெய்டு கார்டின் டிரைவர் அந்தக் கெர்னலுக்கு ஒத்துவரவில்லை என்றால் டிஸ்கே தெரியாது. சரிசெய்ய வேண்டியவர் வெள்ளத்தைத் தாண்டி வர முடியாது.

பூட் பார்ட்டிஷனையும் பாருங்கள். பழைய கெர்னல்கள் சேர்ந்து சேர்ந்து அது நிரம்பியிருக்கும். பேட்ச் ஓடும்போது நூறு வரிகளுக்கு நடுவே 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று ஒரு வரி ஓடி மறையும். யாரும் கவனிப்பதில்லை. சர்வர் எழத் தேவையான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு பாதியில் நின்றிருக்கும். அடுத்த ரீபூட்டில் 'கெர்னல் பேனிக்' என்று சர்வர் எழாமல் நின்றுவிடும்.

புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகளுக்கும் இதே கதிதான். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோது ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரிக்குப் பேட்சைப் போட்டது மட்டும் போதவில்லை. வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்யும்வரை அது பழைய லைப்ரரியையே பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகும் சாவிகள், சான்றிதழ்கள், பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது.

பேட்சே கோளாறாக வருவதும் உண்டு. 2020 ஜூலை இறுதியில் கிரப் பூட் மென்பொருளில் இருந்த பூட்ஹோல் ஓட்டைக்கு ரெட் ஹேட் கொடுத்த திருத்தத்தைப் போட்டு ரீபூட் செய்தபோது, பல ரெட் ஹேட், சென்ட்ஓஎஸ் சர்வர்கள் எழவே இல்லை. வெளியான அன்றே ஓடிப்போய்ப் போடாமல், தெரிந்த பிரச்சினைகள் பட்டியலைப் படித்துவிட்டுப் போட்டவர்கள் தப்பித்தார்கள்.

அதற்காகப் பேட்சே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள், அது இன்னும் மோசம். 2024 ஜூலை இறுதியில் வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தின் மீது நடந்த ரேன்சம்வேர் தாக்குதலால் சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் முடங்கியது. கூட்டுறவு வங்கிகளும் அதில் அடக்கம். ஜென்கின்ஸ் மென்பொருளின் ஓட்டை வழியாகப் புகுந்திருக்கலாம் என்றது கிளவுட்செக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வு. அந்த ஓட்டைக்கு ஜனவரியிலேயே திருத்தம் வந்துவிட்டது! சென்ட்ஓஎஸ் 7 வைத்திருப்பவர்களுக்கோ 2024 ஜூன் 30-க்குப் பிறகு அந்தத் திட்டத்திடமிருந்து பேட்ச் வருவதே நின்றுபோனது. இன்னும் அதில் ஓட்டுபவர்கள் வேறு பதிப்புக்கு மாறுவதைத் தள்ளிப்போடவே கூடாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமும் மழை எச்சரிக்கை நாளும் பேட்ச் போடும் நேரமல்ல. முதலில் பேக்கப் எடுங்கள். அதை வேறொரு மெஷினில் திறந்தும் பாருங்கள், திறக்காத பேக்கப்பை நம்பவே முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய கெர்னலை அழிக்காதீர்கள். புதுசு எழாவிட்டால் கிரப் மெனுவில் அதுதான் கைகொடுக்கும். பேட்ச் முடிந்த கையோடு, ஆள் எதிரில் இருக்கும்போதே ரீபூட் செய்யுங்கள். எழுந்ததும் ஒரு பில் போட்டு, ஒரு ரிப்போர்ட் பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

உங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு இன்றைக்கே போன் போட்டு, கடைசியாக எப்போது ரீபூட் செய்தார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே நேரில் வரச் சொல்லுங்கள்.