தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு ஏன்?

சாயங்காலம் கூடுவாஞ்சேரியில் மின்சார ரயிலைவிட்டு இறங்கி நடைமேம்பாலம் ஏறினால் யாருக்கும் கால் வலிக்கும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். நாள்பட்ட சோர்வு நோய் உள்ளவருக்கோ மறுநாள்தான் அது முழுசாகத் தெரியும், எழுந்திருக்கவே முடியாது. டெஸ்ட் எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டால், வீட்டில் சோம்பேறிப் பட்டம்தான் மிச்சம்.

கோளாறு செல் எரிபொருளை எரிக்கும் விதத்தில் இருக்கலாம். சோற்றிலிருந்து வரும் குளுக்கோஸ் செல்லுக்குள் பைருவேட்டாக உடைகிறது. மைட்டோகாண்ட்ரியா அதை எரிக்க வேண்டுமானால், பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி முதலில் அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். நார்வேயின் பெர்கன் நகரில் ஃப்ளூகே, மெல்லா என்ற ஆய்வாளர்களின் குழு இந்நோய் உள்ள 200 பேரின் ரத்தத்தை 102 ஆரோக்கியமானவர்களுடையதோடு ஒப்பிட்டு 2016இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நொதியைத்தான் சந்தேகித்தது. பெண் நோயாளிகளிடம் லியூசின், டைரோசின் போன்ற, அந்த நொதியின் தயவில்லாமல் எரியக்கூடிய அமினோ அமிலங்கள் குறைந்திருந்தன. பைருவேட் வழியே போக வேண்டிய அலனின் என்ற அமினோ அமிலம் குறையவில்லை. கேஸ் தீர்ந்த வீட்டில் விறகு அடுப்பை மூட்டுவதுபோல, செல் லியூசின் போன்றவற்றை எரிக்கிறது என்பது அவர்கள் ஊகம். ஆண்களிடம் கதை வேறு: தசைப்புரதம் சிதைவதைக் காட்டும் 3-மெத்தில்ஹிஸ்டிடின் கூடியிருந்தது.

உடனே புரோட்டீன் பவுடர் டப்பாவைத் தேடி ஓட வேண்டாம். ஆய்வு சுட்டுவது சாப்பாட்டில் உள்ள குறையை அல்ல, எரிக்கும் வழியில் உள்ள தடையை. நோயை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையும் இன்னும் வரவில்லை. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை இவை காரணமில்லை என்று பார்த்த பிறகு, ஆறு மாதம் தாண்டியும் நீடிக்கும் அறிகுறிகளை வைத்தே டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள்.